வந்த வழியும் வந்த மனிதரும்

கொடிகாமம் சந்தியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 பெருவீதி அவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. வடக்கே வரணியூடாகப் பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரிகிறது. தெற்கே கச்சாய்க் கரைக்கு இன்னொன்று இறங்குகிறது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியபின், புகையிரத நிலையமும் மற்றொரு வாசலாயிற்று. இத்தனை வழிகளாலும் வருவோர் கூடுமிடம் கொடிகாமச் சந்தை. தென்மராட்சியின் பலாவும் மாவும் தேங்காயும் குவிந்து கிடக்கும் அங்கே, எந்த வியாபாரியும் வாங்க வந்தவரை நோக்கி, "நீர் எந்த வழியால் வந்தீர்?" என்று கேட்டுவிட்டு விலை சொல்வதில்லை. நீட்டிய தாளைப் பார்க்கிறார். ஐயமிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு பொருளைக் கொடுக்கிறார். பருத்தித்துறை வீதியால் வந்த ஒருவர் முன்னொரு நாள் கள்ளத்தாள் தந்துவிட்டார் என்பதற்காக, அவ்வீதியால் வருவோர் அனைவரையும் அவர் விரட்டியடிப்பதில்லை. அவ்வாறு விரட்டினால் சந்தை சந்தையாக இராது.

இந்த எளிய சந்தை நியாயம், நம் காலத்தின் பெருஞ்சந்தையாகிய இணையத்திலும் செல்லுபடியாக வேண்டுமா என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இணையத்தளம் நடத்துவோர் பலர் இன்று தம் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கின்றனர். மனிதக் காவலாளி அல்லர். கணினிக் கட்டளை ஒன்று. வருபவர் எந்த வழியால் வந்தார் என்பதை அது முதலில் பார்க்கும். முகம் மறைத்து வருவோருக்கென உள்ள பாதையால் வந்தவராயின், அவர் என்ன செய்ய வந்தார் என்று வினவாமலே கதவைச் சாத்திவிடும். இது தற்காப்பா, அநீதியா?

முதலில் அப்பாதையின் இயல்பை அறிந்துகொள்வோம். ஒரு தளத்துக்கு நாம் செல்லும்பொழுது, நம் இணைப்பின் எண் முகவரி அத்தளத்துக்குத் தெரிகிறது. அவ்வெண்ணைக் கொண்டு எந்த நாடு, எந்தச் சேவை நிறுவனம் என்பதை அறியலாம். அரசு விரும்பினால் அந்நிறுவனத்தைக் கேட்டு வீட்டையே கண்டுபிடித்துவிடலாம். இதனைத் தவிர்க்க எழுந்த ஏற்பாடுகளுள் இன்று பெயர்பெற்றது 'டோர்' எனப்படும் வலையமைப்பு. இதன் மூலக்கருத்தை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் போல் சிவர்சன், டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட் ஆகியோர் வகுத்தனர். 2002இல் டோர் வலையமைப்பு இயங்கத் தொடங்கிற்று. 2006இல் அதனைப் பேணுவதற்கென இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று அமைந்தது.

அது இயங்கும் முறையை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு விளக்குவது கடினமன்று. வெங்காயத்தைப்போல் தோலுக்குமேல் தோலாகச் செய்தி மறைகுறியில் பொதியப்படுகிறது. உலகெங்கும் தன்னார்வலர் நடத்தும் பல்லாயிரம் கணினிகளுள் மூன்று தெரிந்தெடுக்கப்படுகின்றன. முதலாவது கணினி ஒரு தோலை உரித்து இரண்டாவதிடம் கொடுக்கும். இரண்டாவது இன்னொன்றை உரித்து மூன்றாவதிடம் கொடுக்கும். முதலாவதுக்கு அனுப்பியவரைத் தெரியும். போய்ச் சேருமிடம் தெரியாது. மூன்றாவதுக்குப் போய்ச் சேருமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. இந்த மூன்றாவது கணினியே வெளிவாசல். தளத்தின் காவலாளி காண்பது அவ்வெளிவாசலின் முகவரியை மாத்திரமே.

அப்படியாயின் முகம் மறைத்து வந்தவரைக் காவலாளி எங்ஙனம் இனங்காண்கிறார்? இங்கேதான் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. வெளிவாசல்களின் பட்டியல் மறைபொருளன்று. டோர் நிறுவனத்தாரே அதனை ஒளிவின்றி வெளியிடுகின்றனர். வந்தவரின் முகவரி அப்பட்டியலில் உள்ளதா என்று ஒப்புநோக்கினால் காரியம் முடிந்தது. பாடசாலை மாணவன் ஒருவனே எழுதிவிடக்கூடிய கட்டளை அது. தளம் நடத்துவோர் தம் கதவைச் சாத்த விரும்பின் அதற்கும் அவர்களுக்கு உரிமையுண்டு என்ற எண்ணத்தோடுதான் பட்டியல் கொடுக்கப்படுகிறது. ஆகவே, டோர் வழியால் வருபவர் தம் முகத்தை மறைக்கிறாரேயன்றி, முகம் மறைத்திருக்கிறார் என்பதை மறைக்கவில்லை. முக்காடிட்டு வருபவர் முக்காட்டோடு வாசலில் நின்று தட்டுகிறார்.

காவலாளியின் பக்கத்து நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. கொடிகாமத்தில் ஒரு வாசிகசாலை தனக்கென ஒரு தளம் அமைத்து, ஊர் வரலாற்றையும் இளைஞரின் எழுத்துகளையும் வெளியிட்டு, வாசகர் கருத்தெழுதவும் இடம் தருகிறது என்று கொள்வோம். ஊதியமின்றி அதனை நடத்தும் இளைஞர் இருவர். ஒரு நாள் இரவு யாரோ ஒருவர் வெளிவாசலொன்றின் ஊடாக வந்து, ஊர்ப் பெண்ணொருத்தியைப் பற்றி அவதூறு எழுதிவிட்டுப் போகிறார். அழித்தால் மீண்டும் எழுதுகிறார். அப்பெண்ணின் தாய் வாசிகசாலை வாசலில் வந்து நிற்கிறாள். அந்தத் தாயிடம் போய், "அநாமதேயம் என்பது கருத்துச் சுதந்திரத்தின் அரண்" என்று நாம் பேசுவோமாயின், நாம் பேசுவது தத்துவமன்று, இரக்கமின்மை. மொட்டைக் கடிதத்தால் உத்தியோகம் இழந்த ஆசிரியரையும், மொட்டைக் கடிதத்தால் கலியாணம் குழம்பிய வீட்டையும் அறியாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. பெயரில்லாத வார்த்தைக்குப் பொறுப்பாளி இல்லை என்பது உண்மை. பொறுப்பாளி இல்லாத வார்த்தை கொல்லவும் கூடும்.

இதைவிடக் கொடிய முகமூடியையும் நம் மக்கள் கண்டிருக்கின்றனர். இந்திய இராணுவம் நிலைகொண்டிருந்த 1987 தொடக்கம் 1990 வரையிலும், பின்னர் இலங்கை இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய 1995-96க்குப் பிந்திய ஆண்டுகளிலும், சுற்றிவளைப்பு நடந்த ஊர்களில் மக்கள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் அவர்கள் ஒவ்வொருவராக நடந்து போகவேண்டும். முகமூடிக்குள்ளிருந்த தலை ஒருமுறை அசைந்தால் போதும். அசைவுக்கு அகப்பட்டவர் லொறியில் ஏற்றப்படுவார். 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் அன்று ஏறிய பொருள் இன்னும் இறங்கவில்லை. முகமூடி எப்பொழுதும் எளியவனின் கேடயமே என்று கூறுவோர் இச்சொல்லை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

ஆயினும் அதே காட்சியை இன்னும் சற்று உற்று நோக்குவோம். அங்கே முகம் மறைத்திருந்தது யார்? அதிகாரத்தின் கருவி. முகம் காட்ட நிர்ப்பந்திக்கப்பட்டது யார்? அதிகாரமற்ற மக்கள். கொடுமை வெறும் துணியில் இருக்கவில்லை. துணிக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியில் இருந்தது. அதிகாரமுள்ளவன் முகத்தை மூடும்பொழுது அவன் பதில் சொல்லவேண்டிய கடமையிலிருந்து தப்புகிறான். அதிகாரமற்றவன் மூடும்பொழுது அடியிலிருந்து தப்புகிறான். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

நம் மண்ணில் பெயரோடு பேசியதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. 'முறிந்த பனை' நூலாசிரியருள் ஒருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் நாள் யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இவர்கள் முகம் மறைக்கவில்லை. அவர்களுடைய துணிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அத்தகைய துணிவை ஒவ்வொரு குமாஸ்தாவிடமும், ஒவ்வொரு தாயிடமும், ஒவ்வொரு மாணவியிடமும் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமையுண்டு? உயிரைப் பணயம் வைப்பவர்க்கு மட்டுமே உண்மை பேச அனுமதி என்றால், உண்மை பேசுவோர் தொகை மிகச் சுருங்கிவிடும்.

பேசுவது மட்டுமன்று, வாசிப்பதற்கே மாற்றுவழி தேடவேண்டிய காலமும் வந்தது. 2007 ஜூனில் 'தமிழ்நெட்' தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. அத்தளத்தின் அரசியலை ஏற்றவரும் ஏற்காதவரும் அதனைப் பார்ப்பதற்குச் சுற்றுவழி நாடவேண்டியவராயினர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்செயலின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்பிரல் 3இல் மக்கள் கிளர்ச்சியின்போதும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. அந்நாள்களில் நாடெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் முகவரி மறைக்கும் வழிகளை ஒரே இரவில் கற்றுக்கொண்டனர். வீதியை மறித்தவர் ஒருவர். ஒழுங்கையால் வந்ததற்குக் குற்றம் சாட்டப்படுபவர் இன்னொருவர் என்பது விசித்திரமான நியாயமன்றோ?

அதே 2007 ஜூன் மாதம் கொழும்பில் வேறொரு காரியம் நடந்தது. 7ஆம் நாள் விடியற்காலை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் திருப்பி அனுப்பினர். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். மருத்துவத்துக்கு வந்தவர், கடவுச்சீட்டுக்கு வந்தவர், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்தவர் என்ற வேறுபாடு அங்கே எடுபடவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலை நிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சில நாள்களில் பிரதமரே வருத்தம் தெரிவித்தார்.

அச்செயலுக்கு அடிப்படையாக இருந்த தர்க்கம் யாது? வடக்கிலிருந்து வந்தோருள் குண்டு வைத்தவர் சிலர் இருந்தனர் என்பது பொய்யன்று. அதிலிருந்து, வடக்கிலிருந்து வந்த எவரும் ஐயத்துக்குரியவர் என்று முடிவு கட்டப்பட்டது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால், அந்த ஒரு சொல் மனிதனின் மற்றெல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கணினிக் காவலாளியின் தர்க்கம் இதுவே. இன்ன வாசலால் தீயவர் வந்தனர்; நீரும் அவ்வாசலால் வந்தீர்; ஆகவே வெளியே நில்லும்.

முகமாலையில் நாம் கண்டதும் இதுவே. கொடிகாமத்திலிருந்து தெற்கே சில மைல் போனால் வருவது முகமாலை. ஏ-9 வீதி திறந்திருந்த 2002 தொடக்கம் 2006 ஓகஸ்ட் வரை, அங்கே இராணுவத்தின் சாவடியும் அப்பால் விடுதலைப் புலிகளின் சாவடியும் இருந்தன. ஒரே பயணி, ஒரே பையோடு, இரு சாவடிகளிலும் சோதிக்கப்பட்டார். இந்தப் பக்கத்தால் போனவர் அந்தப் பக்கத்துக்குச் சந்தேகத்துக்குரியவர். அந்தப் பக்கத்தால் வந்தவர் இந்தப் பக்கத்துக்குச் சந்தேகத்துக்குரியவர். அவர் தம் பிள்ளையைப் பார்க்கப் போன ஒரு கிழவியாகவும் இருக்கலாம். வழியைக் கொண்டு மனிதரைத் தீர்க்கும் பழக்கம் எந்த ஒரு கொடிக்கும் தனியுரிமையானதன்று.

இனிக் கணக்குகளைப் பார்ப்போம். உலகத் தளங்கள் பலவற்றுக்கு வாசற்காவல் செய்யும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், டோர் வழியாகத் தன்னிடம் வரும் வேண்டுகோள்களில் 94 விழுக்காடு தீங்கானவை என்று 2016 மார்ச்சில் கூறியது. டோர் நிறுவனத்தார் அக்கணக்கின் முறையை மறுத்தனர். அவர்களுடைய மறுப்பில் பொருளுண்டு. ஒரு வெளிவாசலால் ஆயிரம் பேர் வருகின்றனர். அவர்களுள் ஒருவன் இயந்திரமொன்றை ஏவி இலட்சம் தடவை கதவைத் தட்டுவானாயின், தட்டல்களில் பெரும்பாலானவை தீயவையாகவும், தட்டியவர்களில் பெரும்பாலானோர் நல்லவராகவும் இருத்தல் கூடும். வேண்டுகோளை எண்ணுவது வேறு. மனிதரை எண்ணுவது வேறு. அந்நிறுவனமும் 2018இல் டோர் பயனரை வீணே தொல்லைப்படுத்தாத தனி வழியொன்றை அமைத்தது.

இன்னொரு சான்று விக்கிப்பீடியாவிலிருந்து கிடைக்கிறது. டோர் வழியால் வருவோர் அங்கே வாசிக்கலாம். திருத்தம் செய்யப் பொதுவாகத் தடையுண்டு. எனினும் அத்தடை முழுமையாக அமையாததால், 2007க்கும் 2018க்கும் இடையில் ஏறக்குறைய 11,000 திருத்தங்கள் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் புகுந்துவிட்டன. இவற்றை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அவற்றின் தரம் புதிதாக வந்த ஏனையோர் செய்த திருத்தங்களின் தரத்தோடு ஒப்பிடத்தக்கது என்று கண்டது. முக்காட்டைக் கழற்றிப் பார்த்தபொழுது உள்ளே இருந்தவர் பேயுமல்லர், தேவருமல்லர், நம்மைப்போன்ற மனிதர்.

பட்டியலின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். அது வாசலைச் சொல்லும், வந்தவரைச் சொல்லாது. பணங்கொடுத்து வேறு மறைவழிகளை வாங்குபவர் அதில் அகப்படார். ஊர்ப் பெண்ணை அவதூறு செய்பவனுக்கு டோர் தேவையே இல்லை. பொய்ப்பெயரில் திறந்த ஒரு முகநூற் கணக்கு அவனுக்குப் போதும். ஆகவே கதவை ஒரேயடியாகச் சாத்துவதால் அகப்படுபவர் பெரும்பாலும் பணமும் தந்திரமும் இல்லாதவர். ஒளிவின்றி முக்காடிட்டு வந்தவர்.

ஆயின் வாசிகசாலை இளைஞர் செய்யவேண்டியது யாது? அறிவது வேறு, தீர்ப்பது வேறு என்ற வேறுபாட்டை அவர்கள் முதலில் பற்றிக்கொள்ள வேண்டும். வந்தவர் வெளிவாசலால் வந்தார் என்பதை அறிவதில் குற்றமில்லை. அந்த அறிவையே தீர்ப்பாக்குவதுதான் குற்றம். வாசிக்க வருபவரை எவ்வழியால் வந்தாலும் உள்ளே விடலாம். ஏட்டைப் புரட்டுபவரால் யாருக்கும் தீங்கில்லை. எழுத வருபவரின் எழுத்தை உடனே வெளியிடாது, ஒருவர் படித்துப் பார்த்தபின் வெளியிடலாம். இவ்விதி முகம் காட்டியவருக்கும் பொருந்துமாயின் இன்னும் நன்று. தனிமனிதர்மீது குற்றஞ்சாட்டும் எழுத்துக்குச் சான்று கேட்கலாம், சான்றில்லையேல் தள்ளிவிடலாம். இயந்திரத்தை ஏவி ஓயாது தட்டுபவனைத் தட்டலின் வேகத்தைக் கொண்டே நிறுத்தலாம். இவ்வாறு செய்தால் அந்தத் தாய்க்கு அவர்கள் பதில் சொல்ல முடியும். முகம் காட்ட அஞ்சிய இன்னொரு தாய்க்கும் பதில் சொல்ல முடியும். இதற்கு உழைப்பு வேண்டும் என்பது உண்மைதான். கதவைச் சாத்துவது இலகுவானது. அநீதிகளிற் பல கொடுமனத்தால் அல்ல, இலகுவாக இருப்பதால் நிகழ்கின்றன.

வாக்களிப்பு நிலையத்தை நோக்குக. வாக்காளர் யாரென்று இடாப்பில் பார்க்கப்படுகிறது. அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது எவருக்கும் தெரியாது. காட்டவேண்டிய இடத்தில் முகமும், மறைக்கவேண்டிய இடத்தில் மறைவும் அங்கே ஒருங்கே உள்ளன. பிரித்தானியாவில் இரகசிய வாக்கு 1872இல் சட்டமாகும் வரை, நிலப்பிரபுவின் கண்முன்னே குடியானவன் தன் வாக்கைச் சொல்லவேண்டியிருந்தது. நேர்மையுள்ளவன் வெளிப்படையாக வாக்களிக்க அஞ்சுவானேன் என்று அன்று கேட்டவர்களும் இருந்தனர். நிலம் யாருடையது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

நம் சமுதாயத்தில் இக்கேள்விக்கு இன்னொரு வடிவமுண்டு. "ஆற்றை பிள்ளை? எந்தக் குறிச்சி?" என்ற விசாரணை எப்பொழுதும் அன்பினால் எழுந்ததன்று. அதற்குக் கிடைத்த விடையைக் கொண்டே மனிதனுக்குக் கதிரையா, நிலமா என்பதும், தேநீர் குவளையிலா, சிரட்டையிலா என்பதும் தீர்மானிக்கப்பட்டன. 1957இல் இக்கொடுமையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தபின்னும், 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் மக்கள் போராடித்தான் தேநீர்க்கடைக் கதவையும் கோயிற் கதவையும் அசைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாத பஸ் வண்டியும் புகையிரதப் பெட்டியும் ஒடுக்கப்பட்ட மனிதனுக்கு அன்று தந்த சிறு ஆறுதலை, குலம் கேட்டறியாத மனிதரால் உணர்ந்துகொள்ள முடியாது. தெரியாமை அவனுக்கு விடுதலையாக இருந்தது. யார் சொன்னார் என்பதை விட்டுச் சொல்லப்பட்டதன் மெய்யை நாடச் சொல்லி, அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியை நாம் பாடசாலையில் மனனஞ் செய்விக்கிறோம்; வாசலில் நின்று மறந்துவிடுகிறோம்.

பொறுப்பு வேண்டாம் என்பதன்று நம் வாதம். பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கு ஏற்ப அமையவேண்டும் என்பதே. கைது செய்பவர், தளத்தை முடக்குபவர், சட்டம் ஆக்குபவர் ஆகியோர் முகமும் பெயரும் காட்டியே செயற்பட வேண்டும். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், ஒரு கூற்று பொய்யா என்று தீர்மானிப்பதில் ஓர் ஆணைக்குழுவுக்கு இடம் தந்திருக்கும் இக்காலத்தில், எளிய வாசகரின் முக்காட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன், அதிகாரத்தின் முக்காட்டைப் பற்றிக் கேட்பது அறிவாளரின் கடனாகும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் இவ்விடயத்தைக் கணினி வல்லுநருக்கு உரியது என்று ஒதுக்கிவிடல் தகாது. வாசலில் யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்று கட்டளை எழுதும் கை நாளை நம் மாணவரின் கையாக இருக்கும். அக்கட்டளையை எழுதுமுன் அவர் ஒருமுறை கொடிகாமச் சந்தையை நினைப்பாராயின் நல்லது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கள்ளத்தாளாயின் வாங்காதீர்கள். வந்த வீதியைக் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம்.